மூழ்கத் தகுதியுள்ள கம்பெனி

அவளை எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரி வார்டில் பாதி ஆயுளைக் கழித்தவள். வேலையை விட்ட பிறகும் பால்காரருக்கும் பேங்க் மேனேஜருக்கும் அவள் சிஸ்டர்தான். இந்தக் கூப்பிடு பெயரே ஒரு நாள் தனக்கு வினையாக வந்து நிற்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு டப்பா. வார்டில் ஏறிக்கொண்டிருக்கிற குளுக்கோஸ் பாட்டில் எந்த நிமிடம் தீரும் என்று எந்த நர்ஸாலும் சொல்ல முடியாது. கட்டில்கள் வரிசையாக இருக்கும். நர்ஸுக்குக் கண் இரண்டுதான். பாட்டில் தீர்ந்துபோனால் குழாயில் ரத்தம் மேலேறி உறைந்து அடைத்துக்கொள்ளும். மறுபடி நோயாளியின் கையைக் குத்தி வேறு நரம்பு தேட வேண்டும். சிஸ்டர் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டவன் அவளுடைய கொழுந்தன். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. தராசு ஸ்பிரிங், ஒரு மணி, ஒரு சிவப்பு விளக்கு என்று கையில் கிடைத்ததைச் சேர்த்து ஒரு டப்பா செய்தான். ஸ்டாண்டில் டப்பாவை மாட்டி, டப்பாவில் பாட்டிலை மாட்ட வேண்டும். பாட்டில் தீரப்போகிற எடைக்கு வந்தால் மணி அடிக்கும், நர்ஸ் மேசையில் விளக்கு எரியும். அவ்வளவுதான் சங்கதி.

ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியின் மேட்ரன் அம்மாள் அதில் சிலவற்றைச் சோதனைக்கு மாட்டிப் பார்த்தார். "என் பொண்ணுங்க இப்பதான் ஓடறத விட்டுட்டு நடக்குதுங்க சிஸ்டர். இன்னும் எத்தன தருவீங்க?" என்றார். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள் கேட்டன. கொழுந்தன் வேலையை விட்டான், சிஸ்டரும் விட்டாள். டயர் கடைக்குப் பக்கத்தில் ஷட்டர் போட்ட ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். கம்பெனி பிறந்தது. அதற்கு முதல் போட ஆள்தான் இல்லை.

ஆளும் கிடைத்தார். சிஸ்டர் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பல் டாக்டர். நல்ல மனிதர். ஆனால் வரி என்ற சொல்லைக் கேட்டாலே தாடையைப் பிடித்துக்கொள்வார்.

"அடுத்தவங்க பல்லப் புடுங்கறது என் தொழில் சிஸ்டர். வரி கட்டறப்ப என்னோடத யாரோ புடுங்கற மாதிரி இருக்கு, அதுவும் மரத்துப்போற ஊசி போடாம. நீங்க முளைத் திட்டத்துல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. மறுநாளே பணம் போடறேன்."

முளைத் திட்டம் என்பது அரசாங்கத்தின் முளைத்தொழில் முதலீட்டு வரிச்சலுகைத் திட்டம். புதுக் கம்பெனியில் பணம் போடுகிறவருக்கு, போட்டதில் பாதி வரியில் கழியும். அதற்கு அந்தக் கம்பெனி தகுதியுள்ளது என்று திட்டத்தை நடத்தும் இயக்ககம் முன்னுறுதிச் சான்று தரவேண்டும். நல்ல திட்டம்தானே என்று சிஸ்டர் நினைத்தாள். திட்டங்கள் எல்லாமே நல்ல திட்டங்கள்தான்.

இயக்ககத்தின் வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. அதை ஈரத்துணியால் துடைப்பதற்கு ஓர் ஆள் இருந்தார். உள்ளே துணை அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"முதலீட்டாளர் யாரு?"

"ஒரு பல் டாக்டர் சார். சான்று கிடைச்சா பணம் போடறேன்னு சொல்லியிருக்கார்."

"அப்ப இன்னும் போடல. போடாதவர் எப்படி முதலீட்டாளர் ஆவாரு? முதலீட்டாளரே இல்லாத கம்பெனிக்குச் சான்று எதுக்கு?"

"சான்று இல்லாம அவரு போடமாட்டாரே சார்."

"அது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள பிரச்சினை," என்றார் துணை அதிகாரி. பிறகு சிஸ்டரின் முகத்தைப் பார்த்து மனம் இளகினார். "அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க. 'போடுவேன்'னு எழுதினா ஒப்பந்தம் ஆயிடும், அது தப்பு. 'போடமாட்டேன்'னு எழுதினாலும் தப்பு. 'போடக்கூடும், போடாமலும் இருக்கக்கூடும்'னு எழுதச் சொல்லுங்க."

பல் டாக்டர் அப்படியே எழுதிக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். பாசம் மேலிட்டு, கடைசியில் 'சிஸ்டர் மீது எனக்கு முழு நம்பிக்கை உண்டு' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடப்பிறந்தவர்கள் பணம் போட்டால் சலுகை கிடையாதாம்.

"நான் அவருக்குத் தங்கச்சி இல்ல சார், நர்ஸ்," என்றாள் சிஸ்டர்.

"நர்ஸா இருக்கறவங்க தங்கச்சியா இருக்கக்கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லியே."

இரண்டு பேரின் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டுபோனாள். தாய் பெயர் வேறு, தகப்பன் பெயர் வேறு, பிறந்த ஊர் வேறு. துணை அதிகாரி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் பொறந்தீங்கன்னுதான் தெரியுது. உறவு இல்லன்னு இதுல எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். கடைசியில் பல் டாக்டரே நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்தார்: 'இவரை நான் எக்காலத்திலும் சகோதரியாகக் கருதியதில்லை. இனியும் கருதமாட்டேன்.' இதைப் படித்த துணை அதிகாரி திருப்தியடைந்தார். சிஸ்டரின் கணவர், கணக்கு வாத்தியார், அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இதெல்லாம் முன்வாசல்தான். உள்ளே ஒரு பெரிய கதவு இருந்தது. அதன் பெயர் ஆபத்து.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'முதலீட்டாளரின் பணம் மூழ்குவதற்கான வாய்ப்பு யாது?' சிஸ்டர் உண்மையை எழுதியிருந்தாள். மூழ்காது, மூன்று ஆஸ்பத்திரிகள் வாங்கத் தயாராக இருக்கின்றன. இந்தப் பதிலுக்காக அவளை இணை இயக்குநரின் அறைக்கே அழைத்துவிட்டார்கள். இணை இயக்குநர் மென்மையாகப் பேசுகிறவர். துக்கம் விசாரிக்க வந்தவரைப்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உங்க கம்பெனியில போதுமான ஆபத்து இல்லம்மா. வருத்தமா இருக்கு."

"ஆபத்து இல்லன்னா நல்லதுதானே சார்?"

"உங்களுக்கு நல்லது. திட்டத்துக்கு இல்ல. நீங்களே யோசிங்க. ஜெயிக்கற கம்பெனிக்கு அரசாங்கம் எதுக்கு உதவணும்? அது தானா ஜெயிச்சுக்கும். சரி, தோக்கற கம்பெனிக்கு உதவலாமான்னா, அது பொதுப்பணத்த ஆத்துல கொட்டின மாதிரி. ஜெயிக்கறதுக்கும் தோக்கறதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. அந்த இடத்துல நிக்கற கம்பெனிக்குத்தான் நாங்க உதவ முடியும். அந்த இடம் எங்கன்னு கண்டுபிடிக்கறதுக்கே ஒரு தனிப் பிரிவு வச்சிருக்கோம். இந்தத் திட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து தேடிட்டிருக்காங்க. நல்ல பசங்க."

"நான் இப்ப என்ன சார் பண்றது?"

"கொஞ்சம் மூழ்கற மாதிரி வாங்க," என்றார் இணை இயக்குநர், அன்போடு.

அவள் படியிறங்கினாள். ஒரு நோயாளியிடம் போய், உனக்கு இன்னும் போதுமான காய்ச்சல் இல்லை, ஏற்றிக்கொண்டு வா என்று சொன்னதுபோல இருந்தது அவளுக்கு.

கட்டடத்துக்கு எதிரிலேயே ஒரு சலுகை ஆலோசகர் அலுவலகம் வைத்திருந்தார். முன்பு இயக்ககத்தில் இருந்தவர். விண்ணப்பப் படிவத்தை எழுதியவரே அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு, அதை நிரப்புவது எப்படி என்று கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறார். மேசை நாற்காலி எல்லாம் பளபளவென்று இருந்தன.

"கம்பெனி எப்படிப் போகுது?" என்று கேட்டார்.

"நல்லாப் போகுது சார்."

"போச்சு! இந்த ஒரு வார்த்தையிலயே உங்க விண்ணப்பம் செத்துப்போச்சு. திரும்பச் சொல்லுங்க. எப்படிப் போகுது?"

"எப்படிப் போகும்னு... தெரியல சார்."

"இது தேவல. ஆனா கண்ணுல கலக்கம் பத்தல. வீட்ல கடன்காரன் வந்து நின்னா எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆனா ரொம்பவும் கலங்கிடக்கூடாது. அப்புறம் வளர்ச்சி நோக்கம் இல்லன்னு தள்ளிடுவாங்க. ஒரு கண்ணுல கலக்கம், ஒரு கண்ணுல கனவு."

சிஸ்டர் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். வாத்தியார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் தூக்கம்தான் தெரியுது," என்றார்.

ஆலோசகர் அடுத்துச் சொன்னது கடினமாக இருந்தது. ஆஸ்பத்திரிகள் கொடுத்த கடிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆர்டர் கையில் இருந்தால் ஆபத்து எங்கிருந்து வரும்? சிஸ்டர் மேட்ரன் அம்மாளிடம் போய், வாங்குவது உறுதி என்பதை வாங்குவது சந்தேகம் என்று மாற்றித் தரும்படி கேட்டாள்.

மேட்ரன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருக்குன்னு சொன்னா கோவிச்சுக்கற ஆள இப்பதான் பாக்கறேன். எனக்கு இதுல சந்தேகமே இல்லியே சிஸ்டர்."

"கொஞ்சமா சந்தேகப்படுங்க மேடம். எனக்காக."

பழைய பழக்கத்துக்காக அவர் சந்தேகப்பட்டுக் கொடுத்தார். மற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளும் அவ்வளவு சிரமப்படவில்லை. கம்பெனிக்காரியே சந்தேகப்படச் சொல்கிறாளே என்று உண்மையாகவே சந்தேகப்பட்டு, ஆர்டரையே வேண்டாம் என்றுவிட்டன.

கொழுந்தன் அன்று சாப்பிடவில்லை. "அண்ணி, நாம விக்கறதுக்குக் கம்பெனி வச்சோமா, விக்காம இருக்கறதுக்கா?"

"சான்று வரட்டும் தம்பி. பணம் வந்ததும் எல்லாரையும் திரும்பப் போய்ப் பாக்கலாம்."

"அதுக்குள்ள நாமளே இருக்கமாட்டோம் போல."

பிறகு ஆபத்து மதிப்பீட்டு அலுவலர் நேரில் வந்தார். ஷட்டர் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கூரையில் விரிசல் உண்டா என்று பார்த்தார்; இல்லை. பக்கத்து டயர் கடையில் தீப்பிடிக்க வழியுண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன் பிறகு டப்பாவைக் காட்டச் சொன்னார். கொழுந்தன் பாட்டிலை மாட்டித் தண்ணீரை வடிய விட்டான். தீரும் தறுவாயில் மணி அடித்தது. அலுவலர் மறுபடி காட்டச் சொன்னார். மறுபடி அடித்தது. வேறு டப்பா, வேறு பாட்டில். அடித்துக்கொண்டேயிருந்தது. அலுவலரின் முகம் வாடிற்று.

"ஒரு தடவ கூட அடிக்காம இருக்காதா?"

"அடிக்காம இருந்தா எதுக்கு சார் இது?" என்றான் கொழுந்தன்.

"தம்பி, நான் என்ன எழுதறது? தொழில்நுட்ப ஆபத்துன்னு ஒரு கட்டம் இருக்கு. அத வெறுமையா விட்டா மேல கேப்பாங்க. எனக்கு யாரும் தோக்கணும்னு ஆசையில்ல. கட்டம் நிறையணும், அவ்வளவுதான்."

கொழுந்தன் அவருக்குத் தேநீர் வாங்கி வரப் போனான். அந்த இடைவெளியில் சிஸ்டர் எழுந்து மேசைக்குப் போனாள். ஏன் போனோம் என்று பிற்பாடு பல நாள் யோசித்திருக்கிறாள். அறை வாடகை கண் முன்னால் வந்தது. கொழுந்தன் விட்டுவிட்டு வந்த வேலை வந்தது. அவன் மனைவியின் முகமும் வந்தது. டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு வயரை இழுத்துவிட்டு மூடினாள். அலுவலர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காதிருப்பதில் பயிற்சி பெற்றிருந்தார்.

கொழுந்தன் வந்ததும் இன்னொரு முறை காட்டினார்கள். பாட்டில் தீர்ந்தது. மணி அடிக்கவில்லை.

"அருமை!" என்றார் அலுவலர், பேனாவைத் திறந்தபடி. கொழுந்தன் டப்பாவைத் திறந்து பார்த்தான். தொங்கிக்கொண்டிருந்த வயரைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான். மூடியை மெல்ல மூடினான். அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆபத்துக் கட்டம் நிறைந்தது. ஆனால் இயக்ககத்தில் எந்த அறிக்கைக்கும் ஒரு நகல் உண்டு, நகல் போக ஓர் இடமும் உண்டு. 'இக்கருவி சில வேளைகளில் இயங்குவதில்லை' என்ற அறிக்கையின் நகல் மருத்துவக் கருவிகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே ஆச்சரியமாக எல்லாரும் சுறுசுறுப்பானவர்கள். சில நாட்களிலேயே பிரசவ ஆஸ்பத்திரியில் மாட்டியிருந்த டப்பாக்களைக் கழற்றி, சாக்கில் போட்டு, முத்திரை வைத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் மேட்ரன் அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். சிஸ்டரை நேரே வார்டுக்குள் கூட்டிப்போனார். முதல் பிரசவம் முடிந்த ஒரு சின்னப் பெண் படுத்திருந்தாள். பாட்டில் தீர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. டப்பா இருந்த பழக்கத்தில் நர்ஸுகள் அண்ணாந்து பார்ப்பதையே மறந்திருந்தார்கள். குழாய் அடைத்து, இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தி, முழங்கை வரை கறுத்து வீங்கியிருந்தது. குழந்தையைத் தூக்க முடியாமல் பக்கத்தில் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுத்துக்கோம்மா, வீக்கம் வடிஞ்சிடும்," என்றாள் சிஸ்டர். வார்டில் ஆயிரம் முறை சொன்ன வாக்கியம்.

"நான் சந்தேகப்பட்டிருக்கவே கூடாது," என்றார் மேட்ரன் அம்மாள், வெளியே வந்து.

அந்த மாதமே கொழுந்தனுக்குக் கடல் கடந்து ஒரு வேலை வந்தது. அவன் மனைவி, சிஸ்டரின் ஓரகத்தி, பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அக்கா, உங்க மேல எங்களுக்கு வருத்தம் இல்ல. ஆனா இவரு ராத்திரி தூங்கறதில்ல. அந்த வயரப் பத்தி என்கிட்ட சொல்லவேயில்ல. தூக்கத்துல பெனாத்தறப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

கொழுந்தன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். "ஜெயிக்கறதுக்குப் பாடுபட்டாலும் ஒரு அர்த்தம் இருக்கு அண்ணி. தோக்கறதுக்கு இவ்வளவு பாடுபடணுமா?"

சிஸ்டர் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து விட்டாள்.

கம்பெனியின் எஞ்சினியராக இருந்த கொழுந்தன் போனான். சோதனைக்குத் தடை. வாங்க ஆளில்லை. நிலவரத்தை விதிப்படி அவள் இயக்ககத்துக்குத் தெரிவித்தாள். பதினைந்து கேள்விகளோடு பதில் வரும் என்று நினைத்தவளுக்கு ஒரே வரியில் பாராட்டு வந்தது. கம்பெனி இப்போது சகல விதத்திலும் தகுதி பெற்றுவிட்டது. சான்றை ஆண்டு விழாவில் இயக்குநரே தன் கையால் வழங்குவார்.

விழா மண்டபத்தில் குளிர்சாதனம் பற்களைக் கிடுகிடுக்க வைத்தது. இயக்குநர் நீண்ட நேரம் பேசினார்.

"நம் திட்டம் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை, நம் சான்று பெற்ற நிறுவனங்களில் போடப்பட்ட ஒரு காசுகூட மூழ்கியதில்லை என்பதைப் பெருமையோடு தெரிவிக்கிறேன். எப்படி இது சாத்தியமாயிற்று? சான்று கைக்கு வரும் நேரத்தில், பணம் போட எந்த நிறுவனமும் மிச்சமிருப்பதில்லை. பொதுப்பணத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? விண்ணப்பங்கள் குறைந்தபோது சிலர் கவலைப்பட்டார்கள். நான் கவலைப்படவில்லை. விண்ணப்பம் குறையக் குறைய, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் நாம் இன்னும் ஆழமாகப் பரிசீலிக்கிறோம். ஒரே ஒரு விண்ணப்பம் வரும் நாளில், நம் அலுவலகம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்து வேலை செய்யும்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிஸ்டர் மேடையேறிச் சட்டம் போட்ட சான்றை வாங்கிக்கொண்டாள். கீழே முதல் வரிசையில் பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நெளிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். வருஷக் கணக்கு முடியற நேரம், உங்க சான்று வரல. அதனால ஆலோசகர் கம்பெனியிலயே போட்டுட்டேன்."

"அவர் கம்பெனியா? அவருக்குச் சான்று கிடைச்சுதா?"

"ஒரே வாரத்துல. சான்று வாங்கறதுக்கு உதவி பண்ற கம்பெனி. காகிதத்துல பாத்தா பயங்கர ஆபத்து. திட்டத்த எந்த நிமிஷமும் நிறுத்திடலாமாம், நிறுத்தினா பிசினஸே இல்லியாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா நிறுத்தவே மாட்டாங்க."

சிஸ்டர் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு மருத்துவக் கருவிகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

"இது வேலை செய்யற மிஷின் சார். அன்னிக்கி வயரப் புடுங்கிவிட்டது நான்தான். சான்றுக்காகப் பண்ணிட்டேன். என் மேல என்ன நடவடிக்கை வேணா எடுங்க. தடைய எடுத்துடுங்க."

அங்கிருந்த அதிகாரியின் மேசையிலேயே பாட்டிலை மாட்டிக் காட்டினாள். மணி கணீரென்று அடித்தது. பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி காதைப் பொத்திக்கொண்டு, நின்றதும் கையை எடுத்தார்.

"சத்தம் எனக்கும் கேட்டுதும்மா. ஆனா அது பதிவுல இல்ல. பதிவுல இருக்கறது அடிக்காத மணி. அடிக்கும்னு பதியணும்னா மறுசோதனைக்கு விண்ணப்பிக்கணும். அதுல கம்பெனி எஞ்சினியர் கையெழுத்து போடணும். அவரு எங்க?"

"வெளிநாடு போயிட்டாரு."

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி, வழக்கு முடிந்துவிட்டதைப்போல. வயரைப் பிடுங்கியதற்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் சொன்னார். அதற்கென்று கட்டம் இல்லையாம்.

ஷட்டர் அறையைக் காலி செய்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கேட்டாள். அவளிடம் படித்த பெண்கள் அங்கே அவளுக்கு மேலே இருந்தார்கள். மேட்ரன் அம்மாள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து, மதிய ஷிப்டில் இருக்கும்போது கொழுந்தன் போனில் கூப்பிட்டான். போன பிறகு அவனாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. குரலில் பழைய துள்ளல் தெரிந்தது.

"அண்ணி, இங்க ஒரு கம்பெனிக்காரர்கிட்ட நம்ம டப்பாவப் பத்திச் சொன்னேன். ஒண்ணு பண்ணிக் காட்டச் சொன்னாரு. காட்டினேன். நிறைய பண்ணப்போறாங்களாம். உங்க பேரும் என் பேரும் போடணும்னு சொல்லியிருக்கேன்."

"எவ்வளவு ஆபத்துன்னு கேக்கலியா?"

"இல்ல அண்ணி. வேலை செய்யுதான்னு மட்டும்தான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"செய்யும்னேன். அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது."

சுவரில் சாய்ந்துகொண்டாள். சந்தோஷம் வந்தது, அதன் கூடவே வேறு ஏதோவும் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"நல்லாயிரு தம்பி. நம்ம வார்டுக்கு எப்ப வரும்?"

"அங்கதான் தடை போட்டிருக்காங்களே அண்ணி," என்றான்.

"சரி, வச்சிடறேன். டூட்டில இருக்கேன்," என்றாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு முதல் கட்டிலுக்குப் போய், தலையை நிமிர்த்திப் பாட்டிலைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போனாள்.